ஒய்பிசிஓ ஒற்றைப்படிகம் வளர்ப்பது: அடிக்கடி வரும் கேள்விகள்

மீக்கடத்தும் (அதாவது போதிய அளவு குளிர்ந்தால் மின்தடை முற்றிலும் மறையும்) ஆக்சைடுகளில் படிகம் வளர்க்கப் புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதியது இது. பெரும்பகுதி யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு பற்றியது. சுருக்கமாக ஒய்பிசிஓ, அல்லது உலோகங்களின் விகிதத்தை வைத்து 123. நல்ல பெட்டி உலை ஒன்றும் பொறுமையும் இருந்தால் இதைத் தொடங்கிவிடலாம். ஒளிக்குவிப்பு உலை கேட்கும் மற்ற ஆக்சைடுகள் பற்றிப் பின்னால் கொஞ்சம் வரும்.

பொடியை அழுத்திச் சுட்ட வில்லையே திரவ நைட்ரஜனில் மீக்கடத்தி ஆகிவிடுகிறதே, ஒற்றைப்படிகம் எதற்கு?

வகுப்பில் காந்தத்தை மிதக்கவிட்டுக் காட்ட வில்லை போதும். அளவெடுக்கப் போதாது. வில்லைக்குள் நுண்மணிகள் ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. இந்தப் பொருளில் மின்னோட்டம் காப்பர்–ஆக்சிஜன் தளங்களுக்குள் எளிதாக ஓடும், ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்குத் தாவத் திணறும். வில்லையை அளந்தால் இரண்டும் கலந்த சராசரிதான் கிடைக்கும். அதிலும் பாதி மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளின் குணம்.

படிகத்தின் தரம் ஆராய்ச்சியின் போக்கையே மாற்றியிருக்கிறது. காந்தப்புலம் ஊடுருவும் ஆழம் குளிர்நிலையில் வெப்பநிலைக்கு நேர்விகிதமாக மாறுகிறது என்பதை 1993-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு காட்டியது. எலெக்ட்ரான் இணைகள் டி-அலை வடிவம் (எல்லாத் திசையிலும் ஒரே வலுவில் இல்லாத, நான்கிதழ் வடிவம்) கொண்டவை என்பதற்கு அது முக்கியமான சான்று. மாசு கொஞ்சம் கூடினாலும் அந்த நேர்கோடு வளைந்துவிடும். 2007-இல் பிரான்சின் துலூஸ் நகரத் துடிப்புக் காந்தப்புல ஆய்வகத்தில் இதே பொருளில் குவாண்டம் அலைவுகள் (காந்தப்புலத்தை மாற்றும்போது மின்தடை ஏறி இறங்குவது) தெரிந்தபோதும், வைத்து அளந்தவை அந்தப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த படிகங்களே.

123 பொடியை அப்படியே உருக்கி மெல்ல உறையவைத்தால் படிகம் வராதா?

வராது. காற்றில் சுமார் 1010 °செ தாண்டினால் 123 உருகுவதில்லை, உடைகிறது: ஒரு பங்கு 211 என்ற பச்சை நிறத் திண்மமாகிறது, மீதி பேரியமும் காப்பரும் மிகுந்த திரவமாகிறது. திரும்பக் குளிரவைத்தால் இரண்டும் முழுதாகச் சேராமல், கறுப்புக்குள் பச்சைப் புள்ளிகளோடு உறைந்துவிடும்.

ஆகவே அந்த வெப்பநிலைக்குக் கீழே, ஒரு கரைப்பானிலிருந்து வளர்க்க வேண்டும். கற்கண்டு செய்கிறவர் சர்க்கரையை உருக்குவதில்லை. பாகு காய்ச்சி, ஆறவிட்டு, நூலில் படியவைக்கிறார். இங்கே பாகின் இடத்தில் இருப்பது பேரியம் ஆக்சைடும் காப்பர் ஆக்சைடும் சேர்ந்த உருகல். அதை இளக்கி என்போம். அந்நிய உப்பு எதையும் சேர்க்காமல் பொருளின் சொந்த உறுப்புகளையே இளக்கியாக்குவதால் மாசு நுழையும் வழி ஒன்று அடைபடுகிறது. ஒரே சிக்கல், யிட்ரியம் இதில் மிகக் குறைவாகவே கரையும். அணு எண்ணிக்கையில் 1 சதவீத அளவுதான். விளைச்சல் கொஞ்சமாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

என்ன விகிதம், எத்தனை கிராம்?

பரவலாகப் பயன்படுவது யிட்ரியம் : பேரியம் : காப்பர் = 1 : 18 : 45. பேரியத்துக்கும் காப்பருக்கும் உள்ள விகிதம் இதில் 28 : 72-ஐ ஒட்டி வருகிறது. அந்த இரு ஆக்சைடுகளின் கலவை மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் இடம் அதுதான்.

100 கிராம் கலவைக்கு யிட்ரியம் ஆக்சைடு 1.56 கிராம், பேரியம் கார்பனேட் 49.03 கிராம், காப்பர் ஆக்சைடு 49.41 கிராம். யிட்ரியம் ஆக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து வைத்திருக்கும். 900 °செ அளவில் ஓரிரவு சுட்டு, சூடு தணிந்ததும் உடனே எடை போடுங்கள். 1.56 கிராமில் சில சதவீதம் ஈரமாக இருந்தால் படிகம் தோன்றும் வெப்பநிலையே நகர்ந்துவிடும். தூய்மை 99.99 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 99.9 பொடியில் வரும் படிகம் கண்ணுக்கு அழகாக இருக்கும், அளவீட்டில் கைவிட்டுவிடும்.

கலவையை அரைத்து 850 °செ-இல் ஒரு நாள் முன்சுடுங்கள். 890–900 °செ-இலேயே உருகல் தொடங்கிவிடுவதால் அதை நெருங்க வேண்டாம். கார்பனேட் முழுதும் சிதைந்தால் 100 கிராமுக்கு 10.9 கிராம் எடை குறையும். குறையவில்லை என்றால் திரும்ப அரைத்து மறுபடி சுடுங்கள். கார்பனேட் மிச்சம் இருக்கும் கலவையை மூசையில் (உருகலைத் தாங்கும் கிண்ணத்தில்) உருக்கினால் பால் பொங்குவதுபோலப் பொங்கி உலைக்குள் வழியும். பொடி இடத்தை அடைக்கும், உருகல் சுருங்கும். அதனால் மூசையை இரண்டு மூன்று தவணையாக நிரப்ப வேண்டியிருக்கும்.

கலவையிலுள்ள யிட்ரியம் முழுதும் படிகமானால் கணக்குப்படி 9.2 கிராம் வர வேண்டும். அதை எதிர்பார்க்காதீர்கள், பெரும்பங்கு இளக்கியோடு போய்விடும்.

எந்த மூசை வாங்குவது?

பணத்தையும் கவலையையும் செலவழிக்க வேண்டிய இடம் இது. பேரியம்–காப்பர் ஆக்சைடு உருகல் ஏறக்குறைய எல்லாவற்றையும் அரிக்கும். அரித்ததைப் படிகத்துக்குள் கொண்டுபோய் வைக்கும்.

அலுமினா மலிவு, எங்கும் கிடைக்கும். அதில் வளர்ந்த படிகத்தில் அலுமினியம், தளங்களுக்கு இடையே வரிசையாக ஓடும் காப்பர்–ஆக்சிஜன் சங்கிலிகளில் புகுந்துகொள்கிறது. பெயர்வு வெப்பநிலை (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை) இறங்குகிறது, பெயர்வும் அகன்றுவிடுகிறது. கைப்பழக்கத்துக்கு அலுமினாவில் ஓரிரு முறை ஓட்டிப் பார்க்கலாம், அந்தப் படிகத்தை வைத்துக் கட்டுரை எழுத வேண்டாம். பிளாட்டினத்தையும் இந்த உருகல் தின்னும். தங்க மூசை 1064 °செ-இல் உருகிவிடும் என்பதால் விளிம்பில் நின்று வேலை செய்ய வேண்டும். தங்கமும் சங்கிலிகளில் ஏறும். விசித்திரம் என்னவென்றால், தங்கம் ஏறிய படிகத்தின் பெயர்வு வெப்பநிலை ஒன்றரை கெல்வின் அளவு கூடுகிறது. கூடியதால் அது தூய்மை ஆகிவிடாது.

யிட்ரியம் சேர்த்து நிலைப்படுத்திய சிர்கோனியா நடுத்தர வழி. மேலே சொன்ன 1993 அளவீட்டுப் படிகங்கள் இவ்வகை மூசையில் வளர்ந்தவை. உருகலிலுள்ள பேரியம் சிர்கோனியாவோடு சேர்ந்து சுவரில் பேரியம் சிர்கோனேட் படலமாகப் படிகிறது. சிர்கோனியம் படிகத்துக்குள் நுழைவதில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் உருகலின் பேரியம் குறைந்துகொண்டே போகும், சுவரில் இருந்த யிட்ரியம் உருகலுக்குள் வரும். நீங்கள் நிறுத்துப் போட்ட விகிதம் நாலாவது நாளில் இருக்காது. நாள் கூடினால் சுவர் ஊறிக் கசியும்.

சுவரில் அந்தப் படலம்தான் உருவாகிறது என்றால் மூசையையே பேரியம் சிர்கோனேட்டில் செய்தால் என்ன? 1995-இல் ஜெனீவாவில் அதைச் செய்து காட்டினார்கள். உருகலோடு வினையே இல்லை. படிகத்தின் தூய்மை 99.99 சதவீதத்தைத் தாண்டியது. சிரமம் மூசை செய்வதில் இருக்கிறது. பேரியமும் சிர்கோனியமும் துல்லியமாக 1 : 1 இருக்க வேண்டும், நுண்பொடியை எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தி 1700 °செ அளவில் சுட வேண்டும். நுண்துளை மிஞ்சினாலோ, மணி எல்லைகளில் உபரி பேரியம் தங்கினாலோ உருகல் அதன் வழியே ஊறி வெளியேறும். உங்களுக்கு வேண்டியது தூய படிகம் என்றால் இதற்கு மாற்று இல்லை.

உலை நிரல் எப்படி?

தொடக்கத்துக்கு இப்படி வையுங்கள்: 1015 °செ வரை ஏற்றி 10 மணி நேரம் நிறுத்துங்கள். 990 வரை மணிக்கு 10 டிகிரி இறக்குங்கள். அங்கிருந்து 950 வரை மணிக்கு அரை டிகிரி. இந்த 40 டிகிரிக்கு 80 மணி நேரம் ஆகும். 950-இல் இளக்கியை வடித்துவிட்டு அறை வெப்பநிலைக்கு மெல்ல இறக்குங்கள்.

இந்த எண்களை வேதவாக்காக எடுக்காதீர்கள். உலையின் திரை காட்டுவது வெப்பமின்னிரட்டை இருக்கும் இடத்தின் வெப்பநிலை. மூசைக்குள் 10 டிகிரி வேறாக இருப்பது சாதாரணம். முதலில் மூசையை ஒட்டி இன்னொரு வெப்பமின்னிரட்டை வைத்து வெற்றோட்டம் ஒன்று ஓட்டுங்கள். திரையில் அரை டிகிரி ஊசலாடினால் மணிக்கு அரை டிகிரி குளிர்ச்சி என்பது பேச்சுக்குத்தான்; படிகம் ஒரு மணி நேரம் வளர்ந்து அடுத்த மணியில் கரைந்துகொண்டிருக்கும். மூசையின் ஒரு பக்கம் சில டிகிரி குளிர்ச்சியாக இருக்குமாறு நகர்த்தி வைத்தால் படிகங்கள் அங்கே முளைக்கும், வடிக்கும்போது எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதும் தெளிவாகும்.

இளக்கியை எப்படிப் பிரிப்பது? உறைந்த பிறகு உடைத்து எடுக்க முடியாதா?

முடியும், ஆனால் அழுதுகொண்டே எடுப்பீர்கள். உறைந்த இளக்கி கல்லாக இறுகும். குளிரும்போது அது சுருங்குவதும் படிகம் சுருங்குவதும் ஒன்றாக இல்லாததால் மெல்லிய தகடுகள் விரிசல் விடும். இளக்கியைக் கரைக்கும் அமிலம் படிகத்தையும் கரைக்கும்.

ஆகவே திரவமாக இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். இளக்கி 890–900 °செ-இல் உறைந்துவிடும். 950-இல் செய்தால் கையில் கொஞ்சம் அவகாசம் இருக்கும். மூசையை உலைக்குள்ளேயே சாய்க்கும் அமைப்புதான் சிறந்தது: வெளியிலிருந்து திருகும் அலுமினாத் தண்டு ஒன்று, மூசையைப் பிடித்திருக்கும் தொட்டில் ஒன்று, கீழே உருகலை உறிஞ்ச நுண்துளைச் செங்கல். இடுக்கியால் வெளியே எடுத்துக் கவிழ்ப்பவர்களும் உண்டு. கதவு திறந்த அந்த அரை நிமிடத்தில் வெப்ப அதிர்ச்சியில் படிகம் நொறுங்கும், சிர்கோனியா மூசையும் வெடிக்கும்.

வடித்த பிறகு தகடுகளின் ஓரத்தில் துளித்துளியாக இளக்கி ஒட்டியிருக்கும். அந்தத் தகட்டை அளவீட்டுக்கு எடுக்க வேண்டாம்; மூசைச் சுவரிலிருந்து விலகி, சுத்தமாக நிற்கும் தகடு எப்போதும் ஒன்றிரண்டு கிடைக்கும்.

நிறைய படிகம் வந்தது, ஆனால் எல்லாம் அபிரகம் மாதிரி மெல்லிசாக இருக்கிறதே?

தளத்துக்குள் வளர்ச்சி வேகம், செங்குத்தில் மந்தம். தகடாவது இதன் இயல்பு. நீள அகலம் சில மில்லிமீட்டர், தடிமன் அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் நன்றாகவே வந்திருக்கிறது. எண்ணிக்கை அதிகமாக, தடிமன் குறைவாக வந்தால் குளிர்ச்சி வேகம் கூடுதல்: மணிக்கு 0.3 டிகிரிக்கு இறக்கிப் பாருங்கள். பச்சைத் தூள் தெரிந்தால் யிட்ரியம் கூடிவிட்டது, அல்லது உச்ச வெப்பநிலையில் முழுதும் கரையவில்லை.

படிகம் கறுப்பாகப் பளபளவென்று இருக்கிறது. அளந்தால் 90 கெல்வினில் ஒன்றுமே இல்லை. எங்கே தவறு?

தவறு எங்கும் இல்லை, வேலை பாதியில் நிற்கிறது. 123-இன் ஆக்சிஜன் அளவு (ஒரு யிட்ரியம் அணுவுக்கு எத்தனை ஆக்சிஜன் அணு என்பது) 6-க்கும் 7-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் நிற்கும். வளர்ந்த வெப்பநிலையில் அது 6-ஐ ஒட்டிய பக்கத்தில் இருக்கும். 6.35-ஐ ஒட்டிய அளவுக்குக் கீழே மீக்கடத்தலே கிடையாது. 6.5-இல் பெயர்வு 60 கெல்வினுக்குச் சற்றுக் கீழே, 6.92-இல் உச்சம், 93 கெல்வினுக்கு மேல். 7-ஐ நெருங்கினால் மறுபடி சில கெல்வின் இறங்கும்.

ஆக்சிஜன் ஊட்ட, சுத்தமான அலுமினாப் படகில் 123 வில்லைத்துண்டு மேல் படிகத்தை வைத்து, ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். எந்த வெப்பநிலையில் சமநிலை அடைகிறதோ அதுவே ஆக்சிஜன் அளவைத் தீர்மானிக்கும். 500 °செ என்றால் 6.92. இன்னும் ஏற்ற வேண்டுமானால் வெப்பநிலையைக் குறைக்க வேண்டும், ஆனால் குறைத்தால் ஆக்சிஜன் நகர்வதும் மந்தமாகிறது. 350 °செ-இல் தடித்த படிகத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆக்சிஜன் ஓரங்களிலிருந்து தளம் வழியாகத்தான் உள்ளே போகிறது, தடிமன் வழியாக ஏறக்குறைய போவதே இல்லை. ஆகவே காலத்தைத் தீர்மானிப்பது தகட்டின் அகலம். அகலம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்கு.

6.50 வேண்டுமென்றால் வேலை நீளும். ஆக்சிஜனில் 760 °செ-ஐ ஒட்டி வைத்து ஆக்சிஜன் அளவை நிலைப்படுத்துங்கள். இறக்கும்போது மேற்பரப்பு கூடுதலாக ஆக்சிஜன் குடித்துவிடும். அதைச் சமன்செய்ய, அதே ஆக்சிஜன் அளவுள்ள வில்லைத்துண்டுகளோடு குவார்ட்ஸ் குழாயில் அடைத்து 570 °செ-இல் ஒரு வாரம் வைத்து, குழாயோடு பனிநீரில் போடுங்கள். கடைசியாக 100 °செ-க்குக் கீழே சில நாள். இதில் சங்கிலிகள் ஒன்று நிரம்பி ஒன்று காலியாக மாறிமாறி ஒழுங்குபடும். பனிநீரில் போட்ட அன்று அளந்ததும் ஒரு வாரம் மேசையில் கிடந்த பின் அளந்ததும் ஒத்துப்போகாமல், பெயர்வு வெப்பநிலை தானாக ஏறியிருப்பதைக் காண்பீர்கள். கருவியைச் சந்தேகிக்காதீர்கள்: ஆக்சிஜன் அளவு மாறவில்லை, ஒழுங்கு மாறியிருக்கிறது.

நுண்ணோக்கியில் குறுக்குக் கோடுகள் தெரிகின்றன. விரிசலா?

முனைவாக்கிய ஒளியில் மட்டும் தெரிந்தால் விரிசல் இல்லை, ட்வின். ஆக்சிஜன் ஏறும்போது சதுர அமைப்பு லேசாக நீள்சதுரமாகிறது. ஒரு பக்கம் 3.82, மறுபக்கம் 3.89 ஆங்ஸ்ட்ராம். நீளப் பக்கம் எது என்பதைப் படிகத்தின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறாக முடிவுசெய்கின்றன. சூடாக்கி ஒரு பக்கத்திலிருந்து 100 மெகாபாஸ்கல் வரை அழுத்தினால் எல்லாம் ஒரே திசைக்கு வரும். ஆக்சிஜன் குறைந்த படிகத்துக்கு 200–300 °செ போதும், நிறைந்ததற்கு 400-ஐத் தாண்ட வேண்டியிருக்கும். அழுத்தும் ஓரங்கள் இணையாகவும் மழமழப்பாகவும் இல்லையென்றால் நசுங்கும். இரு திசைகளையும் தனித்தனியே அளக்கத் தேவையில்லாதவர்கள் இந்த ஆபத்தில் இறங்க வேண்டாம்.

லாந்தனம் ஸ்ட்ரான்சியம் வகைக்கும் பிஸ்மத் வகைக்கும் இதே முறைதானா?

இளக்கியில் அவையும் வளரும். ஆனால் மூசையே இல்லாத வழி ஒன்று இருக்கும்போது அதுதான் மேல். மிதக்கும் மண்டல முறையில், சுட்ட பொடித்தண்டு மேலிருந்தும் விதைத்தண்டு கீழிருந்தும் வந்து நடுவில் ஓர் உருகலால் இணைகின்றன. நீள்வட்டக் கண்ணாடிகள் விளக்கொளியை அந்தப் புள்ளியில் குவிக்கின்றன. உருகல் எதையும் தொடுவதில்லை. மேற்பரப்பு இழுவிசைதான் அதைத் தாங்குகிறது.

லாந்தனம் வகைக்கு காப்பர் ஆக்சைடு 80 சதவீத அளவிலுள்ள கரைப்பான் வில்லை ஒன்றை நடுவில் வைத்துத் தொடங்குவார்கள். மணிக்கு 1 மில்லிமீட்டர். காப்பர் ஆக்சைடு ஆவியாகிக் கண்ணாடிக் குழாயில் கறுப்பாகப் படியும். ஈடாகத் தண்டில் ஒன்றிரண்டு சதவீதம் கூட்டிச் சேர்க்க வேண்டும். கெடுவது பெரும்பாலும் தண்டால்தான்: நெருக்கமாகச் சுடப்படாத தண்டு உருகலைத் திரிபோல மேலே உறிஞ்சும், மண்டலம் வற்றி அறுந்து விழும். முதல் சில சென்டிமீட்டரில் ஸ்ட்ரான்சியம் அளவு நிலைப்பட்டிருக்காது, வெட்டி எறிந்துவிடுங்கள். 10 சென்டிமீட்டருக்கு நாலு நாளுக்கு மேல் ஆகும் என்பதால் தடையில்லா மின்சாரம் கட்டாயம். ஒரு நிமிடம் விளக்கு அணைந்தாலும் மண்டலம் உறைந்து வளர்ச்சி அறுபடும்.

பிஸ்மத் வகையில் 2212 (123 போல இதுவும் உலோகங்களின் விகிதப் பெயர்) இன்னும் மெதுவாக, மணிக்கு 0.2–0.5 மில்லிமீட்டர். 2223-க்கு 0.05 மில்லிமீட்டர், அதாவது 3 சென்டிமீட்டருக்கு 25 நாள். ஒய்பிசிஓ இந்த முறைக்கு ஒத்துவராது: அதன் உருகல் நீர்த்து, எதிலும் படர்ந்து ஒழுகும், நடுவில் தொங்கி நிற்காது.

முதலில் எதைச் சோதிப்பது?

லாவே எக்ஸ்கதிர்ப் படம் எடுங்கள். ஒவ்வொரு புள்ளியும் இரட்டையாகப் பிளந்திருந்தால் ஒட்டிப் பிறந்த இரண்டு படிகம். பிறகு காந்த ஏற்புத்திறன்: புலமில்லாமல் குளிர்வித்து, சில ஓர்ஸ்டெட் புலம் போட்டு, சூடாக்கிக்கொண்டே அளப்பது. பெயர்வின் அகலத்தைப் பாருங்கள். உச்ச ஆக்சிஜன் அளவில் நல்ல படிகத்துக்கு அது அரை கெல்வினுக்குள் முடியும். முழு மறைப்பு (புலம் உள்ளே நுழையாமல் தடுக்கப்படுவது) தெரிகிறது என்பதாலேயே உள்ளே முழுதும் மீக்கடத்தி என்று எழுதிவிடாதீர்கள், வெளித்தோல் மட்டும் மீக்கடத்தினாலும் அதே அளவுதான் வரும். தகட்டுக்குச் செங்குத்தாகப் புலம் போட்டால் வடிவக் காரணி பெரிதாகி எண்ணை ஊதிக் காட்டும். தகட்டுக்கு இணையாகப் போட்டும் ஒரு முறை அளந்து பாருங்கள்.

பாதுகாப்பு?

பேரியம் கார்பனேட் எலிப்பாஷாணமாக விற்கப்பட்ட பொருள். முகமூடி, கையுறை, புகைபோக்கிப் பெட்டி இல்லாமல் அரைக்க வேண்டாம். அடைத்த குவார்ட்ஸ் குழாய் வெடிக்கலாம். முகக்கவசம் போடாமல் உலையிலிருந்து எடுக்காதீர்கள். தாலியம், பாதரச வகை மீக்கடத்திகளை இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம்.

மின்முனை ஒட்டியதும் பெயர்வு வெப்பநிலை மாறிவிட்டது. ஏன்?

வெள்ளி எபாக்சியை இறுக்க 120–150 °செ-இல் வைத்திருப்பீர்கள். குறைந்த ஆக்சிஜன் உள்ள படிகத்தில், பாடுபட்டு உண்டாக்கிய சங்கிலி ஒழுங்கு அந்தச் சூட்டில் கலைந்துவிடும். வரிசையை மாற்றுங்கள். முதலில் தங்கத்தை ஆவிப்படிவாகப் பூசி, ஆக்சிஜனில் 500 °செ-இல் சுட்டு உள்ளே இறக்குங்கள். பிறகு ஆக்சிஜன் அளவை நிலைப்படுத்தி, ஒழுங்குபடுத்துங்கள். கம்பியைக் கடைசியில், அறை வெப்பநிலையில் உலரும் வெள்ளிப் பசையால் ஒட்டுங்கள். அளவெடுக்காத நாட்களில் படிகம் உலர்த்திக் கலத்தில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கட்டும். ஈரக்காற்று பட்டால் மேற்பரப்பு சில வாரங்களில் மங்கத் தொடங்கும்.